அரிசியில் மலை, கால்மிதியில் கோதுமை வயல்! தெரியுமா?

மேசை ஒன்று. 6 அடி நீளம், 4 அடி அகலம். அதன் மேல் குன்று, காடு, ஆறு, பாதி இடிந்த கோபுரம், புகை படிந்த கிராமம்! நடுவே கட்டைவிரலில் பாதி உயரத்துக்குச் சிப்பாய்கள்! டேப்பால் அளந்து நகர்த்து, பகடையை உருட்டு, எதிரியைச் சாய்! பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நரைத்த தலைகள்கூட இந்தப் பொம்மைப் போரில் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கின்றன. சிப்பாய்களைக் கடையில் வாங்கிவிடலாம். போர்க்களத்தை? பலர் வீட்டிலேயே கட்டுகிறார்கள்! எதை வைத்து? அங்கேதான் வாயைப் பிளக்க வேண்டியிருக்கிறது!

வாசலில் கால் துடைக்கும் தேங்காய் நார் மிதியடி இருக்கிறதே, அதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? இவர்களுக்குக் கோதுமை வயல் தோன்றும்! மிதியடியைச் சதுரமாக அறுத்து மேலே வெளிர் மஞ்சளைத் தடவினால் போதும், அறுவடைக்கு நிற்கும் வயல் தயார்! உலகத்துத் தேங்காய் நாரில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் போகிறது. லண்டனில் யாரோ ஒருவர் மேசையில் நெப்போலியன் படை பதுங்கிக் கிடக்கும் வயல், பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலிருந்து போனதாகவும் இருக்கலாம்!

கிழிந்துபோன டவலைத் தூக்கிப் போடுவீர்களா? போடாதீர்கள்! பசையில் நனைத்து, அட்டை வீட்டின் மேல் போர்த்தி, சீப்பால் வாரிவிட்டுக் காயவைத்தால் வைக்கோல் வேய்ந்த கூரை! அட்டைப்பெட்டியின் மேல்தாளை மட்டும் உரித்தால்? நெளிநெளியாகத் தகரக் கூரை! காபி கலக்கும் மரக்குச்சியா? அது தரைப்பலகை! பழைய சி.டி.யா? அதுதான் மரத்தோப்பின் அடித்தளம்! கரடி பொம்மையின் ரோமத் துணியா? கத்தரித்து, வண்ணம் பூசினால் முழங்கால் உயரப் புல்வெளி! பூனை 'போக' வாங்கிவைக்கும் கல்துகளா? குண்டு விழுந்த தெருவின் இடிபாடு! (புதுப் பொட்டலம்தான்! பூனை இன்னும் பார்க்காதது!)

பிர்ச் என்று ஒரு மரம், குளிர்நாடுகளில் வளர்வது. அதன் பூங்கொத்தைக் கையில் வைத்துக் கசக்கினால் என்ன உதிரும் தெரியுமா? அச்சு அசலாக மேப்பிள் இலை வடிவில், கடுகளவு செதில்கள்! நூற்றுக்கணக்கில்! சருகு மூடிய காட்டுத்தரைக்கு இதைவிட என்ன வேண்டும்? இயற்கையே வெட்டி வைத்திருக்கிறது!

கொசு பேட்டால் புல் நட முடியுமா?

முடியும்! மேசைப் போர்க்களத்தின் புல், மெல்லிய நைலான் இழைகள்தான். கையால் தூவினால் வைக்கோல் போல் படுத்துவிடும். நட்டுக்குத்தலாக நிற்க வேண்டுமென்றால் மின்சாரம் வேண்டும்! கொசு பேட்டின் உள்ளேயிருக்கும் மின்சுற்றைப் பிரித்தெடுத்து, ஒரு வயரை உலோக டீ வடிகட்டியிலும் இன்னொன்றைப் பசை தடவிய தரையிலும் இணைக்கிறார்கள். வடிகட்டிக்குள் புல் இழைகள். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்போது மெல்லக் குலுக்கினால், ஒவ்வொரு இழையும் மின்னேற்றம் பெற்று, நேராகப் பாய்ந்து பசையில் குத்திட்டு நிற்கிறது! கொசுவைக் கொல்லும் கருவி புல்லை உயிர்ப்பிக்கிறது! (வீட்டில் உடனே பேட்டைக் கழற்றி உட்கார்ந்துவிடாதீர்கள். அது அடித்தால் கொசுவுக்கு மட்டும் வலிப்பதில்லை.)

தோட்டத்து மண்ணை இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அவனில் வைத்துச் சுடுகிறார்கள்! ஆமாம், கேக் சுடும் அதே அவனில்! பூச்சி, முட்டை, பூஞ்சை எதுவும் மிஞ்சாமல் வெந்த பிறகே அந்த மண் மேசைக்கு ஏறுகிறது. வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள்!

மலைகள் எதில் தெரியுமா? காற்றில்! தெர்மாகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான்! சூடேறிய கம்பியை வைத்தால் வெண்ணெயாக அறுபடும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தெர்மாகோலின் நெருக்கமான தம்பியான கெட்டி ஃபோம் பலகை மேல் உருட்டினால், நொடியில் கருங்கல் சொரசொரப்பு! ஆனால் இந்த மலைக்கு ஓர் எமன் உண்டு. சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்! அதிலுள்ள கரைப்பான் பட்டால் மலை கண்முன்னே உருகிக் குழிந்துவிடும்! அதனால்தான் முதலில் வெள்ளைப் பசையும் வண்ணமும் கலந்து ஒரு பூச்சு. அந்த வெள்ளைப் பசை யார் தெரியுமா? நம் தச்சர்கள் கையில் 1959 முதல் இருக்கும் பெவிகாலின் அதே இனம்!

நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் பூங்கா கட்டுகிறோமே, கண்ணாடியில் குளமும் கடுகு முளைத்த புல்வெளியுமாக? அதே கைவேலைதான். இவர்கள் ஊரில் குளக்கரையில் பீரங்கி நிற்கும், அவ்வளவே வித்தியாசம்!

சரி, அந்த 6 அடிக்கு 4 அடி மேசை உண்மையில் எவ்வளவு பெரிய இடம்? கணக்குப் போடுவோமா?

புழக்கத்தில் இருக்கும் பொம்மை 28 மில்லிமீட்டர் உயரம். ஏறக்குறைய 1:56 அளவு. மேசையை 56ஆல் பெருக்கினால் 102 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதாவது ஒரு கால்பந்து மைதானம்! இரு படைகளும் குதிரைகளும் டாங்கிகளும் மோதுவது ஒரே ஒரு கால்பந்து மைதானத்துக்குள்! இன்னொரு கூத்தும் உண்டு. பல விளையாட்டுகளில் துப்பாக்கிக் குண்டு 24 அங்குலம் வரைதான் போகும். 56ஆல் பெருக்குங்கள். 34 மீட்டர்! தெருமுனையைக்கூட எட்டாத துப்பாக்கி! நிஜத்தில் 300 மீட்டர் சுடும் துப்பாக்கியை அளவு மாறாமல் விளையாடினால், குண்டு மேசையைத் தாண்டி, பதினேழரை அடி போய் அடுத்த அறையில் விழும்!

இந்த மலைகள் ஏன் படிப்படியாக இருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? சரிவான அழகு மலை செய்தால் சிப்பாய்கள் சறுக்கி விழுகிறார்கள்! அதனால் தட்டு மேல் தட்டாக அடுக்கிய மலை. கதவுகளும் கொஞ்சம் பெரிசு. காரணம், பொம்மை ஒரு வட்டப் பீடத்தின் மேல் நிற்கிறது. அந்தப் பீடத்தோடு சேர்த்து உள்ளே நுழைய வேண்டாமா?

இதெல்லாம் இந்தக் காலத்துப் பைத்தியம் என்று நினைத்தீர்களா? 2,000 வருடம் பின்னால் போங்கள்!

கி.பி. 32. சீனாவில் ஹான் பேரரசர் குவாங்வு ஒரு மலைநாட்டுக்குப் படையெடுக்கத் தயங்கி நிற்கிறார். தளபதி மா யுவான் என்ன செய்தார் தெரியுமா? அரிசியைக் கொண்டுவரச் சொன்னார்! குவித்து மலையாக்கினார், விலக்கிப் பள்ளத்தாக்காக்கினார், எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பலாம் என்று விரலால் காட்டினார்! பேரரசரின் தயக்கம் பறந்தது. படை புறப்பட்டது! அந்த அரிசியை அப்புறம் சமைத்தார்களா என்று வரலாறு சொல்லவில்லை!

11ஆம் நூற்றாண்டு. அதே சீனா. ஷென் குவோ என்ற அறிஞர் எல்லைப்புறத்தைச் சுற்றிப் பார்த்து, மரப்பலகை மேல் மரத்தூளும் மாவுப்பசையும் குழைத்து மலைகளை எழுப்பினார். எல்லைக் குளிரில் பசை உறைந்துவிட்டது! விடுவாரா? மெழுகை உருக்கி ஊற்றினார்! மரத்தூளும் பசையும் இன்றைக்கும் இந்தப் பொழுதுபோக்கில் புழங்குகின்றன என்பது தெரியுமா? ஏறக்குறைய 950 வருடமாக மாறாத செய்முறை!

பிரான்சின் பதினான்காம் லூயியிடம் எத்தனை ஊர்கள் மேசை மேல் இருந்தன என்று கேளுங்கள்! 1668இல் அமைச்சர் லூவுவா ஆரம்பித்துவைத்தார். எல்லைக் கோட்டை நகரங்கள் ஒவ்வொன்றும் 1:600 அளவில்! வீடு, தெரு, மதில், வயல், எதுவும் விடுபடவில்லை. மரங்கள்? கம்பியில் பட்டு நூல் சுற்றிச் செய்தவை! பட்டில் காடு! அடுத்த 200 வருடத்தில் 150 இடங்களுக்குச் சுமார் 260 மாதிரிகள்! ஷெர்பூர் துறைமுகத்தின் மாதிரி மட்டும் 160 சதுர மீட்டர்! எதிரி பார்த்துவிடக் கூடாதே என்று கண்டவருக்கும் காட்டமாட்டார்கள். 1815இல் நெப்போலியன் தோற்றதும், பாரிசுக்குள் நுழைந்த பிரஷ்யர்கள் எதைக் கொள்ளையடித்தார்கள் தெரியுமா? இந்த மாதிரிகளில் சிலவற்றை!

அந்தப் பிரஷ்யர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை! 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு போர் விளையாட்டு மேசை செய்து கொடுத்தார். முதலில் மணல் மேசையில்தான் விளையாடிக் காட்டினார். மன்னருக்கு மணலா? கூடவே கூடாது என்று, ஆறும் சாலையும் மேடும் புடைப்பாக இருக்கும் வண்ணச் சதுரங்களைச் செய்தார். விருப்பம்போல் மாற்றி மாற்றி அடுக்கலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புது நாடு! விரித்தால் ஏறக்குறைய 6 அடிக்கு 6 அடி. சாமான் எல்லாம் மேசையின் இழுப்பறைகளுக்குள்! இன்றைக்குக் கடையில் 'மாற்றி அடுக்கும் களம்' என்று விற்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்! பெர்லினில் சார்லட்டன்பர்க் அரண்மனையில் அந்த மேசை இன்னும் இருக்கிறது!

இனி வருபவர்தான் என் கணக்கில் எல்லாரையும் விழுங்கியவர்! வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830இல் அவருக்கு ஒரு வேலை வந்தது: வாட்டர்லூ போரை மாதிரியாகச் செய்! மனிதர் என்ன செய்தார் தெரியுமா? போர்க்களத்துக்கே போய், சண்டை நடந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் 8 மாதம் குடியிருந்து அளந்தார்! பிறகு, போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். மாலை 7 மணி அளவில் உங்கள் படை எங்கே நின்றது? எதிரே யார்? அதோடு விட்டாரா? எந்த வயலில் என்ன பயிர் நின்றது? பயிர்! ஏறக்குறைய 20 வருடத்துக்கு முன்னால், குண்டு பறந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வயலில் என்ன விளைந்தது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்! நடுவில் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. மனிதர் நிறுத்தவில்லை! செலவு சுமார் 3,000 பவுண்டைத் தொட்டது. 1838இல் லண்டனில் திறந்தபோது சுமார் 400 சதுர அடி நிலமும், அதன் மேல் 70,000க்கும் அதிகமான உலோகச் சிப்பாய்களும்! ஒவ்வொருவரும் ஒரு சென்டிமீட்டர்! களம் கட்டப் போட்ட கடிதங்களுக்கு வந்த பதில்கள் என்ன ஆயின? வாட்டர்லூவைக் கண்ணால் கண்டவர்களின் சாட்சியங்களில் ஆகப் பெரிய தொகுப்பாகிவிட்டன! வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மாதிரியோ லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில்!

'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் அந்த நாவலை எங்கே முடித்தார் தெரியுமா? சுவிட்சர்லாந்தின் டாவோசில், 1881-82 குளிர்காலத்தில். அதே வீட்டின் மேல்மாடத்தில் வேறென்ன நடந்தது தெரியுமா? தரை முழுக்கச் சாக்கட்டியால் மலை, நகரம், ஆறு, நல்ல சாலை, மோசமான சாலை என்று ஒரு நாட்டையே வரைந்து, மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த 13 வயது மகனோடு முழங்காலில் தவழ்ந்து ஈயச் சிப்பாய் யுத்தம்! ஒரே ஒரு படையெடுப்பு வாரக்கணக்கில் ஓடியது! நுரையீரல் நோயோடு ஓய்வெடுக்கப் போனவர் அவர்!

எச்.ஜி. வெல்ஸ், செவ்வாய்க்காரர்களைப் பூமிக்குக் கூட்டிவந்தாரே, அவர்தான்! இந்த விளையாட்டுக்கு 1913இல் ஒரு புத்தகமே போட்டார். களம் எதில்? கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கினால் மலை! தோட்டத்துக் குச்சிகளை ஒடித்துச் செருகினால் காடு! பகடை? கிடையாது! ஸ்பிரிங் பீரங்கியில் அங்குல நீள மரக்குச்சியை வைத்து நிஜமாகவே சுட வேண்டும்! 9 கஜ தூரத்தில் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது தடவை சாய்க்குமாம்! தரையில் குப்புறப் படுத்துக் குறிபார்க்கும் உலகப் புகழ் எழுத்தாளர்!

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் எலும்பும் தோலுமாக ஒரு கொடூரத் தளபதி வருவாரே, பீட்டர் குஷிங்? ஒரு கிரகத்தையே பொசுக்க உத்தரவிடுவாரே? அவர் வீட்டில் வெல்சின் விதிப்படி பொம்மைப் போர் விளையாடியவர்! 1956இல் பாதே செய்திப்படத்தில் அதைப் பிடித்தே வைத்திருக்கிறார்கள்!

விளையாட்டு உயிர் காக்குமா? 1942, லிவர்பூல். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. கேப்டன் கில்பர்ட் ராபர்ட்சும் கடற்படையின் இளம் பெண்களும் ஒரு கட்டடத் தரையையே அட்லாண்டிக் கடலாக்கினார்கள்! சாக்கட்டியில் கோடு, மரத்துண்டில் கப்பல்! நீர்மூழ்கியின் பாதைக்கு மட்டும் பச்சைக் கோடு. ஏன்? அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று துளை வழியாகப் பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது! சுமார் 5,000 அதிகாரிகள் இந்தத் தரைக்கடலில் பாடம் படித்தார்கள். அங்கே பிறந்த முதல் தந்திரத்துக்கு ஜீன் லெய்ட்லா என்ற பெண் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ராஸ்பெர்ரி'! ஹிட்லருக்குப் பழிப்புக் காட்டுகிறார்களாம்!

1943 மே மாதம் ஜெர்மனியின் மோனே அணையை உடைக்கப் போன விமானிகள் அதை முதலில் பார்த்தது எங்கே? ஒரு மாதிரியில்! அணை, ஏரி, சுற்றிலும் காடு எல்லாம் அதில்! உடைந்தது நிஜ அணை. உடையாத மாதிரி இன்னும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில்!

டியோடரன்ட் குப்பி பறக்குமா? பறந்தது! 1987இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 'வார்ஹாமர் 40,000' விளையாட்டைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 38,000 வருடத்துக்கு அப்பால் நடக்கும் போர். ஆனால் டாங்கிகள் அப்போது போதுமான அளவு இல்லை. என்ன செய்தார்கள்? அக்குளில் தடவும் டியோடரன்ட் குப்பியைப் படுக்கவைத்து, உதிரிப் பாகங்களை ஒட்டி, மிதக்கும் டாங்கி செய்வது எப்படி என்று தங்கள் பத்திரிகையிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்! அந்த நிறுவனம் இன்று லண்டன் பங்குச்சந்தையின் பெரும் பெயர்களில் ஒன்று! முன்னேற்றத்துக்கு வாசனையும் உண்டு!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தெரியுமா? 1974இல் வெளியாகி உலகத்தையே மயக்கிய விளையாட்டு. அதன் வேர் எதில்? மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் மேசை நடுவில் வைத்த ஒரு பிளாஸ்டிக் கோட்டையில்! பொம்மை ரயில் ஓரத்தில் வைக்க ஜெர்மனியில் செய்த சாமான் அது! கோட்டைக்குக் கீழே என்ன இருக்கும் என்று யோசித்தார், பாதாளச் சிறைகளை வரைந்தார், ஆட்டம் பிறந்தது! கூட்டாளி கேரி கைகேக்ஸ் என்ன செய்தார்? சல்லிசாகக் கிடைத்த ஹாங்காங் பிளாஸ்டிக் மிருகங்களைக் களத்தில் இறக்கினார். என்ன மிருகம் என்று யாருக்கும் புரியாத அந்தப் பொம்மைகள்தான் இன்று புகழ்பெற்ற ஆந்தைக்கரடி! இரும்பைத் தின்னும் பூதம்!

2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வாட்டர்லூ மறுபடி நடந்தது! 22,000க்கும் மேற்பட்ட 28 மில்லிமீட்டர் பொம்மைகள்! ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது! சைபோர்ன் இருந்திருந்தால் பயிர் சரியா என்று கேட்டிருப்பார்!

மண்ணுக்கு அடியில் ஒரு போர்க்களம் இருப்பது தெரியுமா? இங்கிலாந்தின் கானக் சேஸ் காட்டில், 1918இல், நியூசிலாந்துப் படையின் மேற்பார்வையில் ஜெர்மன் போர்க்கைதிகள் கட்டியது. எதை? முந்தைய வருடம் ஜெர்மனி இழந்த பெல்ஜியத்தின் மெசீன் கிராமத்தை! தாங்கள் தோற்ற ஊரைத் தாங்களே குட்டியாகக் கட்ட வேண்டிய தலைவிதி! 2013இல் தொல்லியலாளர்கள் தோண்டி, லேசரால் அளந்து, கெட்டுப்போகாமல் இருக்க மறுபடி மூடிவிட்டார்கள்!

எல்லாவற்றிலும் பெரிய களம் எது? 2006இல் ஒரு ஜெர்மானியர் கூகுள் எர்த்தில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தார். சீனாவின் நிங்சியா பகுதியில், வறண்ட சமவெளி நடுவே, ஒரு செவ்வகத்துக்குள் பனிமலைகள்! நீல ஏரிகள்! பள்ளத்தாக்குகள்! எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே? தேடினால், அது இந்திய எல்லையில் இருக்கும் அக்சாய் சின்! அந்த இடத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், 1:500 அளவில், சீன ராணுவம் கட்டிய அச்சு அசல் நகல்! 900 மீட்டர் நீளம், 700 மீட்டர் அகலம்! அதில் நம் 6 அடிக்கு 4 அடி மேசை எத்தனை போடலாம் தெரியுமா? சுமார் 2,80,000 மேசைகள்!